பல்லழகி – அத்தியாயம் 9: அடி அடுக்கில் ஒரு முகம்

பொடிசுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று போன வாரம் நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். பல் துலக்கும் பிரஷ் செய்கிற கம்பெனி ஒன்று, அவள் வரைந்த 'பல்லழகி'யைத் தன் பிரஷ் அட்டைகளில் போட விரும்புவதாக எழுதியிருந்தது. தனியாக வரைந்து, தனியாக இணையத்தில் கடை விரித்து, வாடிக்கையாளர் திட்டினால் அதையும் தனியாகவே வாங்கிக்கொள்கிற ஒருத்திக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிதான் தாங்கியது.

வயது இருபத்தாறு ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பொடிசுதான். அண்ணன் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதே பெயர் செல்லப் பெயராகிவிட்டது.

காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் டேப்லெட்டைத் திறந்தாள். பல்லழகி எப்படி உருவானாள் என்று காட்டும் வீடியோவை முந்தின நாள்தான் தன் கடைப் பக்கத்தில் போட்டிருந்தாள். நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்:

"ஆரம்பத்துல அடியில ஒரு நிஜ போட்டோ தெரியுதே, யாருங்க அந்தம்மா? அவங்களை வெச்சு இப்படி வரைஞ்சது அவங்களுக்குத் தெரியுமா?"

பொடிசு அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவள் செய்த பிழை எவ்வளவு சின்னது, எவ்வளவு பெரியது என்று விளங்காது.

டேப்லெட்டில் வரைகிறவர்கள் ஒரே தாளில் வரைவதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல அதில் அடுக்குகள் உண்டு. அடியில் ஒரு போட்டோவை வைத்து மங்கலாக்கிவிட்டு, மேல் அடுக்கில் கோடு போடுவார்கள். கோடு முடிந்ததும் போட்டோவை மறைத்துவிடலாம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவது போலத்தான்.

அந்தச் செயலிக்கு இன்னொரு குணமும் உண்டு. நாம் போடும் ஒவ்வொரு கோட்டையும் அது கேட்காமலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். யோசித்த நேரம், தேநீர் குடித்த நேரம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வேலை நடந்ததை மட்டும் கோத்துக் கடைசியில் ஒரு வேக வீடியோவாகக் கொடுத்துவிடும். வாங்குகிறவர்களுக்கு இதில் கொள்ளை ஆசை. ஒன்றுமில்லாத வெள்ளையில் ஒரு முகம் முளைப்பதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

போட்டோ அந்தப் பதிவில் விழக்கூடாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 'படம் சேர்' என்பதற்குக் கீழே 'மறைவாகப் படம் சேர்' என்று இன்னொரு பொத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. பொடிசு எப்போதும் கீழே உள்ளதைத்தான் அழுத்துவாள். பல்லழகி பிறந்த அன்று மட்டும் மேலே உள்ளதை அழுத்திவிட்டாள். வீடியோவைப் போடும் முன் அவள் ஓட்டிப் பார்த்தது கடைசிப் பாதியை மட்டும்தான், வண்ணம் ஏறுகிற பாதியை.

போட்டோவில் இருந்தது அண்ணி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் தான் பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டு, "யாருக்காவது சொல்லுங்களேன்" என்று முனகினான். அண்ணி அப்போது இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது சிரித்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறவளுக்கு அன்று பொத்தக் கை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வீடே அதிரச் சிரித்தாள். பொடிசு சட்டென்று ஒரு படம் எடுத்துவிட்டாள்.

"அய்யய்யோ, அழிச்சிடு பொடிசு. பல்லெல்லாம் தெரியும்."

"அழிச்சாச்சு அண்ணி."

அழிக்கவில்லை. அந்த வாரமே அண்ணியின் பல் இரண்டு மடங்காக நீண்டு, கொண்டை ஒரு பக்கம் சரிந்து, 'பல்லழகி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பல்லழகி சிரிக்கிறாள், பல்லழகி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், பல்லழகியின் பல்லில் போய் மின்விசிறி மோதுகிறது. இப்படி ஒரு கட்டு ஸ்டிக்கர். போனில் பேசிக்கொள்கிறவர்கள் எழுத்துக்குப் பதிலாக அனுப்பும் குட்டிப் பொம்மைகள். பொடிசின் கடையில் பூனையும் யானையும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. பல்லழகி மட்டும் பறந்தாள்.

வீடியோவை உடனே நீக்கினாள். நீக்கினால் மட்டும்? தண்ணீரில் விட்ட மீனைத் திரும்பிவா என்று கூப்பிட முடியுமா? அதற்குள் நாலு பேர் அதை எடுத்து நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த செய்தி பிரஷ் கம்பெனியிலிருந்து. அங்கே இந்த வேலையைப் பார்க்கிற அம்மாள், ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தாள்.

"வீடியோவில் ஒருவரின் புகைப்படம் மங்கலாகத் தெரிகிறது. அட்டையில் அச்சிடும் முன் அவருடைய சம்மதம் எங்களுக்கு வேண்டும். அவர் யார் என்று சொல்ல முடியுமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. பொடிசின் அறை முன்பு சாமான் போடும் அறையாக இருந்தது. ஒட்டடை அடித்துக் கொடுத்ததும், தன் தையல் மிஷினை மடக்கி மேசையாக்கிக் கொடுத்ததும் அண்ணிதான். "நாள் முழுக்கப் பொம்மை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று அண்ணன் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், "அது பொம்மை இல்லைங்க, வேலை" என்று சொல்கிற ஒரே ஆளும் அண்ணிதான்.

"பொடிசு, வேலையா இருக்கியா? நான் கதவைத் திறக்கலை. சாப்பாட்டு மேசையில மூடி வெச்சிருக்கேன். ஆற விட்டுடாதே!"

"சரி அண்ணி."

குரல் போன பிறகு பொடிசு டேப்லெட்டைப் பார்த்தாள். போட்டோதான் மங்கலாக இருக்கிறதே? கண்ணும் மூக்கும் யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

விரல் தானாகப் போனது போல இருந்தது. தானாக எந்த விரலும் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"அது நான்தான்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

---

பொய் சொல்வதில் ஒரு சங்கடம். உடம்பு கீழே விழுந்தால் தரை தாங்கும். பொய் விழுந்தால் இன்னொரு பொய்தான் தாங்க வேண்டும்.

மேசையில் மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் திறந்தாள். ஓரத்தில் அவளுக்குப் பிடித்த பொரியல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சாப்பிடாமலே மறுபடி மூடி வைத்தாள். அண்ணி யார் மூலமாகவோ தெரிந்துகொள்வதற்குள் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று டேப்லெட்டோடு எழுந்துவிட்டாள்.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை முடித்து வருகிறவர்களுக்கு எந்த முகத்துக்கு எந்தக் கண்ணாடிச் சட்டம் பொருந்தும் என்று பார்ப்பது அவள் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. பொடிசு உள்ளே நுழைந்தபோது, முகத்தை இறுக்கி வைத்திருந்த ஒரு பெரியவர் எதிரில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"சார், கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிச்சா கன்னம் மேல ஏறும் சார். கன்னம் ஏறுனா கண்ணாடியும் ஏறும். அப்புறம் லென்ஸோட நடு ஒரு இடத்துல இருக்கும், உங்க கண்ணு ஒரு இடத்துல இருக்கும். அதான் பார்க்கணும்."

"நான் சிரிக்கிறதில்லைம்மா."

"வீட்ல யாருமே சிரிக்க வைக்கிறதில்லையா?"

"வீட்ல என் சம்சாரம் இருக்கா."

"சரியாப் போச்சு!"

பெரியவர் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தாள், வலது கை உடனே வாய்க்கு ஏறியது. இடது கையால் கண்ணாடியின் மூக்குப் பிடியைத் தொட்டுப் பார்த்து, "பாருங்க, ஏறுது. இந்தச் சட்டம் வேணாம்" என்று கழற்றி எடுத்தாள்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அளவெடுக்கிறவள், தன் சிரிப்பை மட்டும் ஒரு கையால் மூடிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். இது பொடிசுக்குப் புதிதில்லை. ஆனால் இன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்ப்பது போல் இருந்தது.

"அட, பொடிசு! நீ எங்கே இங்கே? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி. உங்ககிட்ட ஒண்ணு..."

"இரு இரு, முதல்ல நான் ஒண்ணு காட்டறேன்." அண்ணி மேசை டிராயரிலிருந்து போனை எடுத்தாள். "எங்க கடை குரூப்ல நாலு நாளா இவதான். பாரேன்!"

திரையில் பல்லழகி. மின்விசிறியில் பல் மோதுகிற பல்லழகி.

பொடிசுக்குக் காது மடல் பற்றிக்கொண்டு எரிந்தது.

"யாரு வரைஞ்சாங்களோ தெரியலை, கெட்டிக்காரங்க. ஆனா, எனக்கு ஒரு பக்கம் பாவமாவும் இருக்குடி. இப்படி ஒருத்தி நிஜமா எங்கேயாவது இருப்பால்ல? அவ எவ்வளவு பேச்சு கேட்டிருப்பா! எனக்காவது பரவாயில்லை."

ஒருத்தி தன் சிரிப்பைத் தானே அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். கண்ணாடி முன் நாம் நிற்பது பெரும்பாலும் தலை வாரவும் பொட்டு சரி செய்யவும்தான். அடக்க முடியாமல் சிரிக்கும்போது யாரும் கண்ணாடியைத் தேடி ஓடுவதில்லை. நம்முடைய அந்த முகத்தை ஊரே பார்த்திருக்கும். நாம் மட்டும் பார்த்திருக்க மாட்டோம்.

ஊர் பார்த்திருக்கிறது என்பதற்கு அப்போதே சாட்சி கிடைத்தது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு தடவை அந்தப் பல்லழகி மாதிரி கையை எடுத்துட்டுச் சிரிங்களேன்."

"போய்யா, வேலையைப் பாரு!" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் பொடிசைப் பார்த்தார். அவள் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி பொடிசைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

தேள் கொட்டிய திருடன் கத்தவும் முடியாமல் நிற்பானாமே, அப்படி நின்றாள் பொடிசு.

"ஒண்ணுமில்லை அண்ணி. சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. அதான்."

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?" என்று அண்ணி சிரிக்கும்போதே, பொடிசின் போன் அதிர்ந்தது. பிரஷ் கம்பெனி அம்மாள்.

"நீங்களே என்றால் ரொம்ப மகிழ்ச்சி! நாளை வீடியோ அழைப்பில் வருகிறீர்களா? அந்தச் சிரிப்பை நேரில் பார்க்க எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆவலாக இருக்கிறோம்."

அது கண்ணாடிக் கடை. திரும்பின பக்கமெல்லாம் ஆள் முகம் பார்க்கும் கண்ணாடி. பொடிசு ஓரமாக இருந்த ஒன்றின் முன் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் வாயை அகலத் திறந்து சிரித்துப் பார்த்தாள். அளவெடுத்து வைத்தது போலச் சின்னச் சின்ன வரிசைப் பல். பல்லழகிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. பல் மருத்துவரிடம் வாய் காட்டுகிறவள் போல இருந்தது.

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

---

சாயங்காலம் அண்ணி வந்து, முகம் கழுவி, இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து தையல் மிஷின் மேசையில் வைத்தாள். அண்ணன் வர இன்னும் நேரம் இருந்தது.

"சொல்லு. கடைக்கு வந்தப்பவே மூஞ்சி சரியில்லை. யாரு என்ன சொன்னா? பணம் கொடுக்காம ஏமாத்திட்டாங்களா?"

"ஏமாத்துனது நான் அண்ணி."

"யாரை?"

"உங்களை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், இப்போது அதைத் துண்டு துண்டாக எடுத்து வைத்தாள். போட்டோவை அழிக்காததை. அதை வைத்து வரைந்ததை. தவறான பொத்தானை அழுத்தியதை. சொல்லச் சொல்லத் தலை தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் அண்ணியின் கால் விரல்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

தேநீரில் ஆடை படிந்தது.

"அப்போ அந்தப் பல்லழகி..."

"நீங்கதான்."

"நான் கடையில எல்லாருக்கும் அதைக் காட்டிக்கிட்டு இருந்தேனே!" அண்ணி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எல்லாரும் என் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டு, போனையும் பார்த்துக்கிட்டு... அதான் அந்த லென்ஸ் தேய்க்கறவன் அப்படிச் சொன்னானா?"

பொடிசு தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த வீடியோவைப் போடு. நானும் பார்க்கறேன்."

"வேணாம் அண்ணி."

"ஊரே பார்த்தாச்சு. நான் பார்க்கக்கூடாதா? போடு."

போட்டாள். வெள்ளைத் திரையில் அடியில் ஆவி போல ஒரு முகம் வந்தது.

"நிறுத்து. இது மங்கலா இருக்கு. முழுசாக் காட்ட முடியுமா?"

முடியும். வீடியோவை மூடிவிட்டு, வரைந்த கோப்பைத் திறந்து, மேல் அடுக்குகளையெல்லாம் மறைத்தாள். அடி அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இழுப்பான் இருக்கும். இடப் பக்கம் இழுத்தால் படம் மங்கும். வலப் பக்கம் இழுத்தால் துலங்கும். வலப் பக்கம் இழுத்தாள். பனி விலகுவது போல அண்ணி தெளிந்து வந்தாள். நுரைக் கை, சரிந்த கொண்டை, பாதி மூடிய கண், திறந்த வாய்.

அண்ணி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நாள் முழுக்க முகங்களை அளந்து பழகிய கண்ணால் அளந்தாள். நெற்றி, கன்னம், மூக்கு. பிறகு வாய். அங்கேயே அவள் கண் நெடுநேரம் நின்றது.

"பொடிசு."

"ம்."

"இவ்வளவுதானா என் பல்லு?"

பொடிசு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் முன்னால இருக்கு. அவ்வளவுதான். இதுக்கா நான் இத்தனை வருஷமா..." அண்ணி முடிக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்?"

"ரொம்ப நல்லா இருக்கீங்க அண்ணி."

"சரி. இப்போ வீடியோவை ஓட்டு."

அதுதான் வேண்டாமே என்று பொடிசு மனசுக்குள் கெஞ்சினாள். வீடியோ ஓடியது. முகத்தின் மேல் கோடுகள் விழுந்தன. முதலில் விழுந்த கோடுகள் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு போயின. அண்ணியின் முகத்தில் மெல்லிய சிரிப்புகூட வந்தது. பிறகு அந்த இடம் வந்தது.

தள்ளும் கருவி என்று ஒன்று உண்டு. வரைந்ததை ஈரக் களிமண் மாதிரி விரலால் தள்ளலாம், இழுக்கலாம். வீடியோவில் அண்ணியின் மேல்வரிசைப் பல் கொஞ்சம் வெளியே வந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் வந்தது. போதாதென்று மறுபடியும் வந்தது. உதட்டைத் தாண்டி, தாடையைத் தொட்டு நின்றது.

"எதுக்கு இழுத்தே?"

"ஸ்டிக்கர் ரொம்பச் சின்னதாத் தெரியும் அண்ணி. நகத்தளவு. அந்த அளவுல பார்த்ததும் யாருன்னு தெரியணும்னா, மூஞ்சில ஏதாவது ஒண்ணைப் பெருசாக்கணும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அது தொழில்ல ஒரு..."

"கண்ணைப் பெருசாக்கியிருக்கலாமே?"

பொடிசு வீடியோவை நிறுத்தினாள்.

"கொண்டையைப் பெருசாக்கியிருக்கலாமே? நுரையைப் பெருசாக்கியிருக்கலாமே, பொங்கி வழியற மாதிரி? அதுவும் வேடிக்கையாத்தானே இருந்திருக்கும்? எதுக்குப் பல்லு?"

பதில் அவளுக்குத் தெரியும். அண்ணி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றிலிருந்து அவள் கண் முதலில் போய் உட்கார்ந்த இடம் அதுதான். அண்ணி கொடுத்த அறையில், அண்ணியின் மேசையில் உட்கார்ந்துகொண்டு, அண்ணியிடம் அவள் பார்த்தது அதைத்தான். செயலி அதையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே சில்லறையாகத் தெரிந்தது. "இன்னொண்ணும் இருக்கு."

"இன்னுமா?"

பிரஷ் கம்பெனி எழுதியதையும், தான் எழுதிய பதிலையும் காட்டினாள். அண்ணி படித்தாள். 'அது நான்தான்' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"கிண்டல் பண்றப்ப இது என் சிரிப்பு. விலை வந்ததும் உன் சிரிப்பா?"

அண்ணி சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. அறைந்திருந்தால் கன்னத்தைத் தடவிக்கொண்டாவது நிற்கலாம். பொடிசு கூனிக் குறுகி, மேசை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு டேப்லெட்டை இழுத்து, அண்ணி பார்க்கும்படியே எழுதினாள்.

"அந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை. என் அண்ணி. அவரிடம் நான் கேட்கவே இல்லை. பொய் சொன்னதற்கு மன்னிக்கவும்."

அனுப்பினாள். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று சொல்வார்கள். ஆகவில்லை. எதிரில் அண்ணி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ அவங்க வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

"சொல்லலாம் அண்ணி."

"உன் மொத்த உழைப்பும் போயிடுமே."

"போகட்டும்."

"போகட்டும்னு சொல்றதுக்கு இது உன்னுது மட்டும் இல்லை." அண்ணி எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்தது. நாற்காலியை அதற்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "மறுபடி வரை. போட்டோ வேணாம். என்னை நேரா பார்த்து வரை. இருக்கறதை இருக்கற மாதிரி. அதைப் பார்த்துட்டு எனக்குச் சம்மதமா இல்லையான்னு சொல்றேன்."

பொடிசு புதுத் திரை திறந்தாள். நேரே பார்த்து வரைவது போட்டோவின் மேல் வரைவது மாதிரி இல்லை. போட்டோ நம்மைத் திரும்பிப் பார்க்காது.

அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தது. பல் தெரிந்தது. ஆனால் கன்னம் ஏறவில்லை. கண் சுருங்கவில்லை. அது சிரிப்பில்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"வரலை" என்றாள் அண்ணி.

"பரவாயில்லை அண்ணி. மெதுவா."

"ஏதாவது சொல்லேன். எப்பவும் சொல்வியே."

பொடிசு யோசித்தாள். வாய்க்கு வாய் கிண்டல் பேசுகிறவள் அவள். அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஒரு வேடிக்கைகூட அவளிடம் இல்லை. திரை வெள்ளையாகவே இருந்தது.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். அண்ணன் வேலை முடிந்து வந்துவிட்டான். கையெல்லாம் கிரீஸ்.

"என்ன, அண்ணியும் நாத்தனாரும் மாநாடு போட்டிருக்கீங்க? போஸ் எல்லாம் பலமா இருக்கு!"

பொடிசு வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க. சரியான நேரத்துல வந்தீங்க. ஒண்ணு கேட்கணும். நான் கையை எடுத்துட்டுச் சிரிச்சா எப்படிங்க இருக்கும்?"

சாதாரணக் கேள்வி. எந்தப் புருஷனும் யோசிக்காமல் ஏதாவது சொல்லிவிடக்கூடிய கேள்வி.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவன் பார்வை மனைவியிடம் போகவே இல்லை. நேராகத் தங்கையிடம் போய் நின்றது, 'பல்லழகி யாருன்னு சொல்லிட்டியா?' என்று கேட்பது போல.

அதை அண்ணியும் பார்த்தாள்.